தழும்பில்லாத ரணம்

மஞ்சட்காமாலை எல்லாம் ஒன்றல்ல. கிருமியினால் கல்லீரல் அழற்சியுற்று வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். ஓய்வும் காலமுமே அதற்கு முதன்மையான மருந்து. ஆனால் கல்லீரல் தன் தொழிலைச் செவ்வனே புரிந்து நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரந்துகொண்டிருக்க, அது குடலுக்கு இறங்குகிற நாளத்தில் ஒரு கல்லோ, கட்டியோ, சுருக்கமோ குறுக்கே நின்றுவிடுவதால் வருகிற காமாலை இருக்கிறதே, அதை எந்தப் பச்சிலையும் தணிக்காது. அடைப்பை நீக்குவதொன்றே அதற்குப் பரிகாரம். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைக் காமாலையோடு கழிந்தது. வயிற்றைக் கீறாமல், வாய்வழியே ஓர் உள்நோக்கியைச் செலுத்தி, பித்தநாளத்தின் வாயைக் கண்டு, அதனுள் நுழைந்து அடைப்பை நீக்குவது என் தொழில். ஈ.ஆர்.சி.பி. என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் அந்தத் தொழில் சாதித்தது என்ன, சாதிக்காமல் விட்டது என்ன என்பதை எழுதிவைக்கவேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக என்னிடம் இருந்துவந்தது.

அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் இந்த வியாதியை இனங்காண எங்களுக்கு முதலில் உதவியது எந்த யந்திரமும் அல்ல, மூன்று கேள்விகளே. உடம்பு அரிக்கிறதா, அதுவும் இராத்திரியில் அதிகமா என்று கேட்போம், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறதா என்று கேட்போம், பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, "வெளிக்குப் போனா என்ன நிறத்துல போகுதும்மா?" என்போம். பித்தம் குடலை அடையாதபோது மலம் நிறமிழந்துபோகும் என்பது வைத்திய நூல்களின் பாலபாடம். "வெளுத்துப் போகுதுங்கய்யா, ஒரு மாசமா" என்று கூச்சத்தோடு ஒரு தாயார் சொல்லிவிட்டால், ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே பாதி நிர்ணயம் முடிந்துவிடும்.

நான் மாணவனாயிருந்த நாட்களில் இதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. வலது விலாவின் கீழே ஒரு சாணளவு கீறி, கல்லீரலை உயர்த்திப் பிடித்து, பித்தநாளத்தைத் திறந்து கல்லை எடுத்தபின், ஹான்ஸ் கேர் என்ற ஜெர்மானியச் சஸ்திர வைத்தியர் வகுத்த, ஆங்கில 'டி' எழுத்தின் வடிவமுள்ள ரப்பர்க் குழாயை நாளத்தில் பொருத்தி, அதன் நீண்ட கால் வயிற்றுக்கு வெளியே வரும்படி விட்டுத் தைப்பார்கள். பித்தம் அதன் வழியே வழிந்து கட்டிலோரத்துப் பாட்டிலில் சேரும். பத்துப் பன்னிரண்டு நாட்கள் சென்று, அக்குழாயினுள் சாயத்தைச் செலுத்திப் படமெடுத்து, மிச்சக் கல் ஏதும் இல்லை என்று திடப்படுத்திக்கொண்ட பின்னரே அதை உருவுவார்கள். அந்தச் சிகிச்சையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆயினும் அடைப்புக் காமாலையுற்ற சரீரம் கத்தியைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை. பித்தம் இறங்காத குடலில் 'கே' வைட்டமின் உட்கிரகிக்கப்படாமையால் ரத்தம் உறையாது. நாளத்தில் தேங்கிய பித்தம் சீழாக மாறியிருந்தால் சிறுநீரகமும் தளர்ந்துபோயிருக்கும். அத்தகைய நிலையில் மேஜைமேல் ஏற்றப்பட்ட முதியவர்களில் பலர் வார்டுக்குத் திரும்பாததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இரைப்பையைக் கடந்ததும் வருகிற முன்சிறுகுடலின் உட்சுவரில், பருப்பளவேயான ஒரு சிறு புடைப்பு உண்டு. 1720-இல் ஆபிரகாம் வாட்டர் என்ற ஜெர்மானியர் அதை விவரித்தமையால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அதன் வாயைச் சுருக்கியும் தளர்த்தியும் காக்கிற மெல்லிய தசைவளையத்தை 1887-இல் விவரித்த இத்தாலிய மாணவர் ஓடியின் பெயரை அந்தத் தசை பெற்றது. இரண்டு வாய்க்கால்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே மதகில் திறப்பதைப் போலக் கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தநாளமும், கணையத்தின் குறுக்கே ஓடிவரும் கணையநாளமும் இந்த ஒரே வாயில் வந்து கூடுகின்றன. கணையநாளத்தை 1642-இல் பாதுவா நகரில் கண்டறிந்தவர் வீர்சுங். இவ்விரண்டு நாளங்களும் இவ்வளவு அணுக்கமாகக் கூடியிருப்பதே எங்கள் தொழிலின் சகல சௌகரியத்துக்கும் காரணம், சகல அபாயத்துக்கும் காரணம். சௌகரியம் என்னவெனில், ஒரே வாயிலின் வழியே இரண்டு அவயவங்களின் வியாதிகளையும் அணுகலாம். அபாயம் என்னவெனில், பித்தநாளத்தைத் தேடிப் போகிறவனுடைய கம்பி, அழைப்பில்லாமலே கணையத்துக்குள் புகுந்துவிடலாம்.

1968-இல் வாஷிங்டன் நகரில் வில்லியம் மெக்கியூன் என்பவரும் அவருடைய சகாக்களும் முதன்முதலாக அந்த வாயினுள் குழலைச் செலுத்திச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அடுத்த இரண்டொரு வருஷங்களில் ஜப்பானின் இதாரு ஓய் போன்றவர்கள், அந்தப் புடைப்பை நேர் எதிரே வைத்துப் பார்க்கத் தக்கதாகப் பக்கவாட்டில் நோக்கும் உள்நோக்கியைக் கொண்டு இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். படம் எடுப்பது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. 1974-இல்தான் ஜெர்மனியின் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், கியோட்டோவில் கவாயும், தனித்தனியே, மின்சாரம் பாய்கிற மெல்லிய கம்பியால் அந்தத் தசையை அரிந்து வாயை அகலமாக்கிக் கல்லை வெளிக்கொணரும் வித்தையை உலகுக்கு வெளியிட்டார்கள். கல்லில்லாமல் கட்டியாலோ சுருக்கத்தாலோ அடைபட்ட நாளத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்திப் பித்தத்துக்கு வழிவிடும் உபாயத்தை, இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்க்கில் பணிபுரிந்த நிப் சோஹேந்திரா 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளித்தார். ஸ்டென்ட் என்று இன்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழாயைப் பற்றித்தான் இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் இத்தொழிலைக் கற்ற காலத்தில் திரையில் தெரியும் வீடியோ உள்நோக்கி எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. கண்ணாடியிழைகளின் வழியே வரும் பிம்பத்தை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆசிரியர் ஒருவர் மட்டும் பார்ப்பார். ஒரு பக்கக் குழலை மாட்டி மாணவனுக்கும் காட்டினால் இருவருக்குமே வெளிச்சம் மங்கிவிடும். ஆகவே நாங்கள் பார்த்துக் கற்றது பாதிதான். மீதியை ஆசிரியருடைய தோளின் அசைவிலிருந்தும், மணிக்கட்டின் திருப்பத்திலிருந்தும், அவர் மூச்சடக்கி நிற்கும் கணத்திலிருந்தும் ஊகித்தே அறிந்தோம். அந்தப் புடைப்பைக் கடிகார முகமாகப் பாவித்தால் பித்தநாளம் பதினோரு மணித் திசையில் மேல்நோக்கி ஏறும். கணையநாளம் ஒரு மணித் திசையில் நேரே உள்ளே போகும். இவ்வளவுதான் சூத்திரம். இதைக் கைக்குக் கற்பிக்க வருஷங்கள் பிடிக்கும். "குத்தாதே, கேள், அது விடும்போது போ" என்று என் ஆசிரியர் சொல்வார். தசை சுருங்கியிருக்கையில் தள்ளினால் அது வீங்கிக்கொள்ளும். வீங்கியபின் எவ்வளவு சமர்த்தனானாலும் வழி காண்பது துர்லபம்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமாகாது. உள்நோக்கியைப் பிடித்திருப்பவன் மருத்துவனானாலும், அதனுள்ளே ஓடும் கம்பியைப் பிடித்திருப்பவர் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன். அங்குல அளவில் 0.035 தடிப்பேயுள்ள அந்தக் கம்பியின் நுனி நாளத்தின் சுவரில் முட்டுவதையும், வழுக்கி ஏறுவதையும் திரை காட்டுவதற்கு முன்பே அவருடைய விரல்கள் அறியும். எங்கள் பிரிவில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து இந்தப் பணிக்கு உயர்ந்த ஒருவர் இருந்தார். "சார், இது பித்தத்துல இல்ல, எடுத்துருங்க" என்று அவர் மெல்லச் சொன்னால் நான் மறுபேச்சின்றிக் கம்பியைப் பின்னுக்கு இழுக்கச் சொல்வேன். அநேக சந்தர்ப்பங்களில் எக்ஸ்ரே படம் அவர் வாக்கையே மெய்ப்பித்தது. பெயர்ப்பலகையில் மருத்துவர்களின் பட்டங்கள் நிரம்பியிருக்கிற இத்தொழிலில், பாதி வெற்றி அத்தகையவர்களுடைய விரல்களில் இருக்கிறது என்பதைப் பொதுமக்கள் அறியவேண்டும்.

காவேரிப் படுகையின் ஒரு கிராமத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். காமாலை, வலி, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் என்று ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877-இல் சேர்த்துச் சொன்ன மூன்று குறிகளும் அவரிடம் இருந்தன. அவற்றோடு ரத்த அழுத்தம் தாழ்ந்து, பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. பித்தநாளத்தில் தேங்கிய சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டதன் அடையாளம் அது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும் முடிவோடு வந்திருந்த மகன், "கத்தி வெக்காம எடுத்துருவீங்களாய்யா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "வயித்துல கத்தி இல்ல தம்பி, ஆனா ஆபத்தே இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றேன். உள்நோக்கி இறங்கி, அந்தப் புடைப்பு தெரிந்தபோது அது பிதுங்கித் தெறிக்கும் நிலையில் இருந்தது. கம்பி ஏறிய மாத்திரத்தில், அதன் ஓரமாகக் குழம்பிய சீழ் குடலுக்குள் பீறிட்டு வந்தது. அந்த நிலையில் கல்லை எடுக்க முயல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஒரு குழாயை மட்டும் பொருத்திவிட்டு வெளியே வந்தோம். மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது காய்ச்சல் இறங்கியிருந்தது, அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "காப்பி குடிக்கலாமாய்யா?" என்று கேட்டார். சில நாட்கள் சென்று, உடல் தேறியபின், வாயை அரிந்து, கூடைவடிவக் கம்பியால் கறுத்த கற்களை ஒவ்வொன்றாக இழுத்துக் குடலில் விட்டோம். வட இந்தியரிடம் கொலஸ்டிரால் கற்கள் மிகுதி. நம் பக்கத்தில் இவ்வாறு கறுத்த நிறமிக் கற்களையே அதிகமாகக் காண்கிறோம். பெரிய கத்தி இத்தகைய முதியவரைக் காத்திருக்குமா என்று என்னைக் கேட்டால், பெரும்பாலும் காத்திராது என்பதே என் பதில்.

குணப்படுத்த முடியாத இடத்திலும் இத்தொழிலுக்குக் கருணை உண்டு. கணையத்தின் தலைப்பகுதியில் புற்று வந்து, பித்தநாளத்தை நெருக்கி, வலியே இல்லாமல் காமாலை முற்றிய நிலையில் வருகிற விவசாயிகளை நாங்கள் அடிக்கடி கண்டோம். விப்பிள் என்ற சஸ்திர வைத்தியர் 1935-இல் வெளியிட்ட பெரும் அறுவைச் சிகிச்சைக்கு இடங்கொடாதபடி வியாதி பரவியிருக்கும். அத்தகைய ஒருவர், நான் நிலைமையைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கியதும் என்னைத் தடுத்து, "சாவு எப்ப வேணா வரட்டும் ஐயா, இந்த அரிப்பை மட்டும் நிறுத்துங்க, தூங்கி ரெண்டு மாசமாச்சு" என்றார். அவருடைய கைகால்கள் முழுதும் நகக்கீறல். விரிந்து நிற்கும் உலோகக் குழாயொன்றை நெருக்கத்தின் நடுவே பொருத்தினோம். அந்த வாரத்துக்குள் அவர் தூங்கினார். வியாதி தன் வழியே போயிற்று; எஞ்சிய மாதங்களில் அவர் இராத்திரிகளைத் திரும்பப் பெற்றார். அது சிறிய காரியம் என்று சொல்பவர்கள் அடைப்புக் காமாலையின் அரிப்பை அறியாதவர்கள்.

கணையம் மன்னிக்கும் சுபாவமுள்ள அவயவமன்று. உணவைச் செரிக்கவல்ல திரவத்தைத் தனக்குள்ளே வைத்திருக்கும் அது, வெறும் ஸ்பரிசத்தாலும் கோபங்கொண்டு தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். சிறந்த கைகளிலும்கூட, இச்சிகிச்சைக்குப் பிறகு நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேர்வரை கணைய அழற்சி காண்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவார்கள், மிகச் சிலர் தேறுவதில்லை. இதனால்தான், ஸ்கேனில் பார்த்தாலே போதும் என்றிருக்கையில் 'எதற்கும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்' என்று இதைச் செய்வதை நான் ஒருபோதும் ஒப்பியதில்லை. காந்தப்புல ஸ்கேன் பித்தநாளத்தைத் தெளிவாகக் காட்டத் தொடங்கியபின், நோயைக் கண்டறிய மட்டும் இக்குழலைச் செலுத்துவதற்கு நியாயமே இல்லாமற் போயிற்று. ஆசனவாயில் வைக்கும் 100 மில்லிகிராம் இண்டோமெதசின் இந்த அழற்சியைக் கணிசமாகக் குறைக்கும் என்று 2012-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. எத்தனையோ விலையுயர்ந்த மருந்துகள் தோற்ற இடத்தில், சில ரூபாய் பெறுமான ஒரு பழைய மருந்து வென்றது என்பதில் எனக்கு அளவற்ற சந்தோஷம். ஏழை ஆஸ்பத்திரியிலும் அதைத் தடையின்றிக் கொடுக்கலாம் அல்லவா?

நம் தென்னாட்டில் மிகுதியாகக் காணும் ஒரு கணைய வியாதியும் உண்டு. மது அருந்தாத இளைஞனுக்கு, சில சமயம் பள்ளிப் பிள்ளைக்கே, வயிற்றுவலி விட்டுவிட்டு வரும். பிறகு உடல் மெலியும். பிறகு சர்க்கரை வியாதி. படமெடுத்தால் கணையநாளம் நெடுகக் கற்கள். கேரளத்தில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் 1960-களில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மரவள்ளிக்கிழங்கே காரணம் என்று நெடுங்காலம் சந்தேகித்தார்கள், அது நிரூபணமாகவில்லை, மரபணுக்களுக்குப் பங்குண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இக்கற்கள் நாளத்தின் சுவரோடு இறுகியிருப்பவை, கூடைக்கம்பிக்கு இணங்காதவை. சரீரத்துக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைப் பாய்ச்சி அவற்றைப் பொடியாக்கி, அதன்பின் உள்நோக்கியால் நாளத்தைத் துப்புரவாக்கும் முறை 1980-களில் ஜெர்மனியில் தோன்றியது. ஆனால் அதை மிகப்பெரும் எண்ணிக்கையில் செய்து உலகுக்கு வழிகாட்டியது ஹைதராபாத்தில் மருத்துவர் நாகேஸ்வர ரெட்டி நிறுவிய ஆசிய இரைப்பை-குடலியல் நிலையம். வலிக்குப் பயந்து சோற்றையே வெறுத்திருந்த ஒரு பையன், சிகிச்சைக்குப் பிறகு தாயார் கொண்டுவந்த சாப்பாட்டை வார்டில் உட்கார்ந்து முழுதும் உண்டதைப் பார்க்கிற மருத்துவனுக்கு வேறு வெகுமதி வேண்டியதில்லை.

கடும் அழற்சியால் கணையத்தின் ஒரு பகுதியே அழுகிப்போனால், முன்னாட்களில் உடனே வயிற்றைத் திறந்து அழுகலை அள்ளுவார்கள். பாதிப்பேர் மாண்டார்கள் என்றே சொல்லலாம். அழுகலைச் சுற்றி ஓர் உறை முதிர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் பொறுத்திருந்து, முதலில் வடிகுழாய், தேவையானால் மட்டும் அடுத்த படி என்று ஏறுவதே மேல் என்பதை 2010-இல் நெதர்லாந்து ஆய்வு நிலைநாட்டியது. இன்று இரைப்பையின் சுவர்வழியாகவே அந்த உறையைத் துளைத்து உள்ளே போகிறார்கள். அதில் கைத்திறனைவிடக் கடினமானது பொறுத்திருப்பது, ஒவ்வொரு நாளும் "எப்பய்யா ஆபரேஷன்?" என்று கேட்கும் குடும்பத்துக்கு, செய்யாதிருப்பதும் சிகிச்சையே என்று விளங்கவைக்கவேண்டும்.

கல்லீரலில் அமீபாவினால் விளையும் சீழ்க்கட்டியும் அப்படியே. கல்கத்தாவில் மருத்துவர் லியோனார்டு ரோஜர்ஸ் 1912-இல் எமட்டீன் ஊசியைப் பிரயோகித்த நாள் முதல், இந்நோயில் கத்தியின் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்று பெரும்பாலோர்க்கு மருந்தே போதும், மிகப் பெரிய கட்டிக்கு அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே ஓர் ஊசியோ மெல்லிய வடிகுழாயோ போதும்.

இவ்வளவு தூரம் நான் பாராட்டியே வந்தேன். இனி, என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பித்தநாளத்தில் வைக்கும் பிளாஸ்டிக் குழாய் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் குறுக்களவுள்ளது. கல் பெரிதாயிருந்து ஒரே தடவையில் எடுக்க இயலாதபோதும், சீழ் பிடித்திருக்கும்போதும், பித்தப்பை ஆபரேஷனுக்குப் பின் நாளத்தில் கசிவோ சுருக்கமோ நேர்ந்தபோதும் அதை வைக்கிறோம். அது தற்காலிகமானது. வைத்த நாள் முதலே கிருமிகள் அதன் உட்புறத்தில் படலமாகப் படியும். அப்படலத்தின்மேல் பித்தவண்டல் சேரும். ஏறக்குறைய மூன்று மாதங்களில் அது அடைபடத் தொடங்கும். அதற்குள் அதை எடுத்தாகவேண்டும், அல்லது மாற்றியாகவேண்டும். இதை மருத்துவர் எல்லோரும் அறிவர். அந்தக் குழாயைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போகிறவர் அறிவாரா?

வயிற்றில் ஒரு சாண் தழும்பு உள்ளவன் தனக்கு நேர்ந்ததை மறக்கமாட்டான். குளிக்கும்போதெல்லாம் அது ஞாபகமூட்டும். 'டி' குழாயோடு படுத்திருந்தவன் அதை உருவாமல் வீட்டுக்குப் போகவே முடியாது. எங்கள் சிகிச்சையிலோ தழும்பு இல்லை, தையல் இல்லை, கட்டு இல்லை. மாலையிலேயே வலி போய்விடுகிறது. மறுநாள் கண் வெளுக்கத் தொடங்குகிறது. எந்த மேன்மைக்காக இத்தொழிலை உலகம் கொண்டாடுகிறதோ அந்த மேன்மையே மறதிக்கு வித்தாகிறது. கூலிவேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குப் பணம் தேடி, வலியே இல்லாத ஒருவர் மூன்று மாதங்கழித்து நூறு மைல் பிரயாணம் செய்து ஏன் வரவேண்டும் என்பதை, அவருக்குப் புரிகிற பாஷையில் யாராவது சொல்லியிருந்தால் அல்லவா அவர் வருவார்?

தென்மாவட்டத்துக் கொத்தனார் ஒருவர் கடுங்காய்ச்சலோடு எங்களிடம் வந்தார். வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் பல வருஷங்களுக்கு முன் கல் எடுத்ததாகச் சொன்னார். படத்தில் பார்த்தால், அன்று வைத்த குழாய் அப்படியே இருந்தது. அதன் மேல்நுனியைச் சுற்றி, அதையே கருவாகக் கொண்டு, நாளத்தை முழுதும் நிறைத்து ஒரு கல் வளர்ந்திருந்தது. "கல்லை எடுத்தாச்சுன்னுதான் சொன்னாங்கய்யா, உள்ள ட்யூப்பு இருக்குன்னு யாரும் சொல்லலியே" என்றார். அவர் மனைவி பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தார். நான்கு பக்கம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், மூன்று மாதங்களில் குழாயை நீக்க வரவேண்டும் என்று அச்சாகியிருந்தது. அந்த வீட்டில் அதைப் படிக்கக்கூடியவர் ஒருவருமில்லை. கல்லைச் சிறிது சிறிதாக நசுக்கி, பல அமர்வுகளில், மிகுந்த சிரமத்தோடு அந்தக் குழாயை வெளியே எடுத்தோம். அவர் பிழைத்தார். அவரைப் போல வந்தவர்களில் எல்லோரும் பிழைக்கவில்லை என்பதை எழுதவேண்டியிருக்கிறது. கல்லினால் சாகாதவர்கள், அந்தக் கல்லுக்காக நாங்கள் வைத்த குழாயினால் செத்தார்கள்.

அதன் பிறகு எங்கள் பிரிவில் கோடிட்ட நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வந்தது. குழாய் வைத்தவர் பெயர், ஊர், வைத்த தேதி, எடுக்கவேண்டிய தேதி ஆகிய நான்கு கட்டங்களுக்குப் பிறகு ஐந்தாவது கட்டம் வெறுமையாக இருக்கும். எடுத்த தேதியை அதில் எழுதும்வரை சிகிச்சை முடியவில்லை என்பது எங்கள் ஏற்பாடு. கம்பியை உணரும் விரல்கள் படைத்த அந்த டெக்னீஷியனே தம் கையெழுத்தில் தபால் கார்டுகள் எழுதினார்: 'உங்கள் பித்தநாளத்தில் வைத்த குழாயை எடுக்கும் நாள் வந்துவிட்டது. வலி இல்லாவிட்டாலும் வரவும். வெறும் வயிற்றோடு வரவும்.' சில கார்டுகள் விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தன. பல கார்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு மனிதர்களே வந்தார்கள். கைத்தொலைபேசிக் காலம் வந்தபோது வேலை சுலபமாகும் என்று நினைத்தோம். எண்கள் மாதத்துக்கொன்றாக மாறியமையால், நோயாளியின் எண்ணோடு ஊர் மளிகைக்கடைக்காரரின் எண்ணையும், கிராமச் செவிலியரின் எண்ணையும் சேர்த்து வாங்கத் தொடங்கினோம். டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பில், மற்றெல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில் தமிழில் இரண்டு வரி எழுதினோம். இதற்கெல்லாம் உபகரணச் செலவு ஏதுமில்லை. ஆயினும் என் உத்தியோகத்தில் நான் செய்த காரியங்களில், நுட்பமான எந்தச் சிகிச்சையையும்விட இந்த நோட்டுப் புத்தகத்தையே உயர்வாக மதிக்கிறேன்.

இத்துறையில் பயிலும் இளம் மருத்துவர்கள் என்னைவிடச் சிறந்த கருவிகளைக் கொண்டு, நான் கனவிலும் எண்ணாத காரியங்களைச் செய்கிறார்கள். நாளத்தினுள்ளேயே கண்ணை நுழைத்துக் கல்லைக் கண்டு உடைக்கிறார்கள். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, உள்ளே எதையாவது விட்டுவிட்டு வந்தால் அதை நோயாளிக்கும், அவரோடு வந்தவருக்கும், அவர்கள் பேசும் தமிழில், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சொல்லுங்கள் என்பதே.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் எவருக்கேனும் வாய்வழியே குழல் விட்டுப் பித்தக்கல்லோ அடைப்போ நீக்கியிருந்தால், அந்தச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள்; புரியாவிட்டால் படித்தவரிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்ததாக எழுதியிருந்தால், அது பிளாஸ்டிக்கா உலோகமா, எடுக்கவேண்டிய தேதி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தப்பையில் இன்னும் கல் இருக்கிறது, அதையும் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். நாளத்துக்கு வந்த கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும். தேதி கடந்துவிட்டிருந்தாலும் பயப்படாமல் போங்கள், எடுத்துவிடலாம். காய்ச்சலோ, நடுக்கமோ, கண் மஞ்சளோ கண்டால் தேதி பார்க்காமல் அன்றைக்கே போங்கள்.